காட்சிக்கு அடியில் ஓடிய இசை

“அந்த மாதிரி போட இந்த ஆளால முடியாதுடா.”

எடிட்டிங் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பேசியது இயக்குநர். ‘இந்த ஆள்’ வெளியே தேநீரோடு நின்றிருந்தார். இசையமைப்பாளர் சேரலாதன்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எஸ்தரின் வீட்டுக்குப் போனார்.

எஸ்தர், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர். சேரலாதனைவிடப் பத்து வயது இளையவர். இசை எழுதுவது வறண்டுபோனதிலிருந்து சேரலாதன் அவரிடம் வயோலா கற்றுக்கொள்கிறார்.

“டீச்சர், எனக்குள்ள இசை தீர்ந்துபோச்சு.”

“யார் சொன்னா?”

“டைரக்டர். நாளைக்குத் தரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவார். அது போகட்டும். அவர் சொன்னது சரி.”

மடிக்கணினியைத் திறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாய், செருப்புக் குவியலில் இறந்த மகனின் செருப்பைத் தேடுகிறாள். காட்சிக்கு அடியில் தந்தி வாத்தியங்களின் இசை.

படத்தொகுப்பின்போது யாருடைய இசையையாவது இப்படி ஓடவிடுவார்கள். இசையமைப்பாளர் தன்னுடையதைத் தந்ததும் எடுத்துவிடுவார்கள்.

“எவனோ வெள்ளைக்காரன் எழுதினது, டீச்சர். எடிட்டர் இணையத்துல புடிச்சானாம், பேர்கூட இல்ல. காட்சிக்குத் தோதா இழுத்து மெதுவாக்கியிருக்கான். இதோட பக்கத்துல வெச்சா நான் போட்டதெல்லாம் குப்பை.”

காட்சி முடிந்தது. இசை பாதியில் அறுந்தது.

எஸ்தர் வயோலாவை எடுத்தார். அறுந்த இடத்திலிருந்து வாசித்தார், இன்னும் வேகமாக. கடைசி ஸ்வரம் தேய்ந்தது. தந்தியிலிருந்து வில்லை உயர்த்தப் போனார்.

“வில்லை எடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது.”

சொன்ன பிறகுதான் சேரலாதனுக்குத் தன் குரல் கேட்டது. அறையில் இருந்தது எஸ்தர் ஒருவர்தான்.

“அன்னைக்கும் இப்படித்தான் திட்டினீங்க, சார்.”

“என்னைக்கு?”

“உங்க முதல் கச்சேரியில. நான் காலேஜ் பொண்ணு, வாசிக்கிறவங்கள்ல கடைசி வரிசை. கேக்க வந்தவங்களைவிட மேடையில நாங்கதான் அதிகம்.”

சேரலாதன் மடிக்கணினித் திரைக்குத் திரும்பினார்.

“இது… நான் எழுதினதா?”

“நீங்கதான், சார். அதுக்கப்புறம் உங்களுக்குப் படம் வந்துருச்சு.”

போன் அடித்தது. இயக்குநர்.

“சார், அந்த ரேஞ்சுல ஏதாவது வந்துச்சா?”

சேரலாதன் ஸ்பீக்கரைப் போட்டு, போனை எஸ்தரின் காலடியில் வைத்தார்.

பின்னால் நகர்ந்து நின்று, வாத்தியக் குழுவை நடத்துபவர்போல் வலது கையை உயர்த்தினார்.