பின்னால் தள்ளும் பாதி

கருவைக்காடு முடிந்து வாழைத்தோப்பு தொடங்குகிற இடத்தில் நரிப்பாறை என்று ஒரு ஜமீன் இருந்தது. அதன் ஜமீன்தார் நிறைய யோசித்துத்தான் எதையும் சொல்வார். யோசித்தது ஒன்று, சொன்னது வேறொன்று என்று ஆகிவிடும். அது அவர் தப்பு இல்லை.

அரண்மனைக்குப் பின்புறம் மருந்துக் கொட்டகை. மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிக்கிறது அல்ல, துப்பாக்கிக்குப் போடுகிறது. அதை அளந்து, ஈயக்குண்டோடு சேர்த்துக் காகிதத்தில் சுருட்டித் தோட்டா கட்டுவதற்கு நாலு பேர். தலைவன் மாசானம். அவனுக்குக் கீழே சங்கிலிபூதத்தான், ஊய்க்காட்டான், வண்டிமலையான். நாலு பேருக்கும் ஜமீன்தார் மேல் அப்படி ஒரு விசுவாசம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதை ஒருத்தன் செய்துவிட்டு மற்ற மூன்று பேர் சும்மா இருப்பது துரோகம் என்பது அவர்கள் கட்சி.

ஒரு முறை ஜமீன்தார், "கொட்டகையைப் பூட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் பூட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவில் நாலு பூட்டு. நாலு சாவியும் நாலு அரைஞாண் கயிற்றில். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து பூட்டைத் திறக்க வைப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். விஜயதசமி அன்று சாமி பல்லக்கில் புறப்பட்டு ஊர் எல்லைக்கு வரும். அங்கே ஆலமரக் கிளையில் குங்குமம் கரைத்து ஊற்றிய பூசணிக்காய் தொங்கும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த ஜமீன் பிள்ளை ஒன்று துப்பாக்கியால் சுட்டு அதை உடைக்க வேண்டும். உடைந்தால்தான் பல்லக்கு எல்லையைத் தாண்டும். மூன்று தோட்டாவுக்குள் உடையாவிட்டால் காய் உடைக்கிற உரிமை பக்கத்து முள்ளிக்குளம் ஜமீனுக்குப் போய்விடும்.

போன வருடம் சுட்டது ஜமீன்தாரின் பேத்தி குழல்வாய்மொழி. பூசணிக்காய் என்னவோ உடைந்துவிட்டது. ஆனால் துப்பாக்கி தோளில் இடித்த இடியில் பிள்ளை பின்னால் பறந்து தவில்காரர் மடியில் போய் விழுந்தாள். முள்ளிக்குளத்து ஜமீன்தார் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது. தோளில் இருந்த கன்றல் ஆறுவதற்குள் தை பிறந்துவிட்டது.

இந்த வருடம் விஜயதசமி நெருங்கவும் ஜமீன்தார் பேத்தியோடு கொட்டகைக்கு வந்தார்.

"மாசானம், பிள்ளை தோளுக்கு இந்த இடி ஆகாது. மருந்தைப் பாதியாக் குறைச்சுக் கட்டுங்க. தோள் தாங்குதான்னு பாத்துட்டுக் குடுங்க. இந்தத் தடவை பிள்ளைக்கு வலிச்சாலும் சரி, காய் உடையலைன்னாலும் சரி, கொட்டகை உனக்கில்லை. நாலு பேரும் கடலைக்காட்டுல பன்னி விரட்டப் போகணும்."

குழல்வாய்மொழி மாசானத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "மாசானண்ணே, நான் இன்னொரு தடவை தவில் மேல விழுந்தேன்னா, பன்னி விரட்டுறதுக்கு முன்னால நான் உன்னை விரட்டுவேன்."

மாசானம் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். பன்றியைக் கண்டால் பயம் என்பது ஒரு பக்கம். கடலைக்காட்டுக்குக் கதவே கிடையாது. கதவில்லாத இடத்தில் இடுப்புச் சாவியை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்வான்?

அவர்கள் போனதும் ஒரு வாழையிலையில் மூங்கில் குழாயால் ஓர் அளவு மருந்தைக் கொட்டினான். நாலு பேரும் நாலு பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பாதியைக் குறைக்கணும். சரி. எந்தப் பாதியை?" என்றான் மாசானம்.

"பாதின்னா ஏதோ ஒரு பாதி. அதுல என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றான் ஊய்க்காட்டான்.

"ஏலே, கொட்டகையில இருந்துக்கிட்டுப் பேசுற பேச்சா இது? துப்பாக்கி சுட்டா குண்டு எங்க போவும்?"

"முன்னால."

"பிள்ளை எங்க போச்சு?"

"பின்னால. தவில் மேல."

"அப்போ மருந்து ரெண்டு வேலை பாக்குது. பாதி மருந்து முன்னால தள்ளுது, பாதி மருந்து பின்னால தள்ளுது. நாம பின்னால தள்ளுற பாதியை மட்டும் எடுக்கணும். ஆள் மாறி முன்னால தள்ளுறதை எடுத்துட்டோம்னு வையி..."

வண்டிமலையான் கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்தான். "குண்டு குழாய்க்குள்ளயே இருக்கும். பிள்ளை மட்டும் போய்க்கிட்டே இருக்கும்" என்றான் நடுங்கிப்போய்.

நாலு பேரும் இலையை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். எப்பேர்ப்பட்ட ஆபத்து தப்பியது!

மாசானம் இலை மேல் விரலால் ஒரு கோடு போட்டான். "இந்தா, என் பக்கமா இருக்கிறது பின்பாதி. அந்தப் பக்கமா இருக்கிறது முன்பாதி."

எதிரே இருந்த சங்கிலிபூதத்தான் இருமினான். "அண்ணாச்சி, குத்தமா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முன்பாதியா இருக்கிறது எனக்குப் பின்பாதியால்லா இருக்கு."

"நீ எந்திரிச்சு என் பக்கம் வந்து பாரு."

அவன் வந்து பார்த்தான். "ஆமா, இங்க இருந்து பாத்தா நீங்க சொல்லுறது சரி." பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். "இங்க வந்தா மறுபடியும் மாறிப்போவுது."

"பக்கவாட்டுல இருக்கிற எங்க கதி என்ன?" என்று ஊய்க்காட்டான் சண்டைக்கு வந்தான். "நாங்க என்ன ஜமீனுக்கு வேலை செய்யலையா?"

பேச்சு வளர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்திருக்கிற அளவுக்கு வளர்ந்தது. கடைசியில் மாசானம்தான் நியாயம் சொன்னான். உத்தரவு நாலு பேருக்கும் பொது. அவனவன் பக்கத்தில் இருக்கிற பாதியை அவனவன் எடுத்துவிட வேண்டியது. எந்தப் பக்கத்துப் பாதி பின்னால் தள்ளுகிறதாக இருந்தாலும் அது தப்பிக்க முடியாது.

மாசானம் தன் பக்கத்துப் பாதியை வழித்துப் பானையில் போட்டான். மிச்சத்தில் சங்கிலிபூதத்தான் தன் பாதியை வழித்தான். அதன் மிச்சத்தில் ஊய்க்காட்டான். அதற்கும் மிச்சத்தில் வண்டிமலையான். இலை நடுவில், மூக்குப்பொடி போடுகிறவன் கூட வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு ஒரு துளி மருந்து நின்றது.

"அசல் சரக்கு" என்றான் மாசானம். "முன்னால மட்டுந்தான் தள்ளும்."

இவ்வளவு நல்ல வழி தெரிந்த பிறகு கொட்டகையில் இருக்கிற மற்ற மருந்தை அப்படியே விடலாமா? பொட்டலம் பொட்டலமாக இருந்ததையெல்லாம் இலை இலையாகக் கொட்டி வழித்தார்கள். முன்னால் தள்ளுகிற மருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அடங்கியது. பின்னால் தள்ளுகிற மருந்து பெரிய பானை நிறைந்து, கழுத்தைத் தாண்டிக் கும்பாரமாக நின்றது.

"எவ்வளவு கெட்ட மருந்தை இத்தனை நாளும் உள்ள வச்சிருந்திருக்கோம் பாத்தியளா!" என்று ஊய்க்காட்டான் பெருமூச்சு விட்டான்.

அடுத்து, தோள் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிள்ளைத் தோள் வேண்டும். நாலு பேரில் குள்ளம் வண்டிமலையான். அவனை முழங்கால் போட வைத்தார்கள்.

"வயசு என்னல?" என்றான் மாசானம்.

"பத்து."

"எந்திரிச்சிராத. எந்திரிச்சா வயசு கூடிரும்."

துப்பாக்கியை அவன் தோளில் வைத்தார்கள். மூன்று பேரும் குனிந்து அந்தத் தோளையே கண்கொட்டாமல் பார்த்தார்கள். வண்டிமலையானும் கழுத்தைத் திருப்பித் தன் தோளைப் பார்த்துக்கொண்டே விசையை இழுத்தான்.

"வலிச்சதா?"

"ஈ உக்காந்த மாதிரி கூட இல்லை அண்ணாச்சி."

"தோள் சிவந்திருக்கால?"

"இல்லை. எப்பவும் போலக் கறுப்பாத்தான் இருக்கு."

"குண்டு போச்சா?" என்று சங்கிலிபூதத்தான் ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

மாசானம் அவனை முறைத்தான். "மகாராசா எதைப் பாக்கச் சொன்னாங்க? தோளை. தோளைப் பாக்கச் சொன்ன இடத்துல குண்டை வேடிக்கை பாக்குறவன்லாம் கொட்டகையில இருக்கக்கூடாது."

விஜயதசமி வந்தது. ஆலமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. முள்ளிக்குளத்தார் முன்வரிசையில் நாற்காலி போட்டு, சிரிப்பதற்குத் தோதாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தவில்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்.

குழல்வாய்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு குறிபார்த்து விசையை இழுத்தாள்.

"புஸ்" என்று ஒரு சத்தம். துப்பாக்கி வாயிலிருந்து குண்டு மெதுவாக எட்டிப் பார்த்து, உருண்டு, ஜமீன்தாரின் செருப்பு மேல் விழுந்தது.

"வலிச்சதா நாச்சியார்?" என்று நாலு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இல்லை" என்றாள் பிள்ளை, வாய் பிளந்தபடி.

நாலு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது தோட்டாவும் அதே செருப்பு மேல்தான் விழுந்தது. முள்ளிக்குளத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழல்வாய்மொழியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜமீன்தார் மாசானத்தைப் பார்த்த பார்வையில் பன்றிகள் தெரிந்தன.

மாசானம் கைகட்டி நின்றான். "மகாராசா, குண்டு நல்ல குண்டு. புதுசுங்கறதால வழி தெரியலை. பூசணிக்காய் வரைக்கும் நாமளே கொண்டுபோய் விட்டுட்டா மேல அது பாத்துக்கிடும்."

"அது வழக்கமா?" என்று முள்ளிக்குளத்தார் குதித்தார்.

ஜமீன்தார் நன்றாக யோசித்தார். "எவ்வளவு தூரத்துல நின்னு சுடணும்னு எவன் சொல்லியிருக்கான்?" என்று கேட்டார். ஒருவனும் சொல்லியிருக்கவில்லை.

நாலு பேரும் குழல்வாய்மொழியைத் தூக்கினார்கள். துப்பாக்கி வாய் பூசணிக்காய்த் தோலில் முட்டியது. நேர் கீழே, அண்ணாந்தபடி மாசானம். பிள்ளை மூன்றாவது தோட்டாவைச் சுட்டாள்.

புஸ். டொக்.

குண்டு இடித்த இடியில் பூசணிக்காய் லேசாக ஆடியது. ஆடி அந்தப் பக்கம் போனது. யோசித்தது. திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கிளையில் கட்டியிருந்த பழங்கயிறு அறுந்து, காய் மாசானத்தின் மண்டையில் விழுந்து சுக்கல் சுக்கலாக உடைந்தது.

தவில் முழங்கியது. பல்லக்கு எல்லையைத் தாண்டியது. "உடைஞ்சிருச்சு! எனக்கு வலிக்கவே இல்லை!" என்று பிள்ளை குதித்தாள். குங்குமமும் விதையும் வழிய நின்ற மாசானத்திடம் ஜமீன்தார் தழுதழுத்துச் சொன்னார்: "மாசானம், உன் காலம் உள்ளவரைக்கும் கொட்டகை உனக்குத்தான். என்னைக் கேக்காம இனி ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. வந்தாலும் கதவு வழியாத்தான் வரணும்."

சந்தோசத்தில் நாலு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. நல்ல மருந்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்ற கெட்ட மருந்துக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? பானைக்குச் சந்தனம் பூசி, கும்பாரத்தின் உச்சியில் ஒரு வெற்றிலை வைத்து, அதில் சூடம் ஏற்றினார்கள். வெளியே வந்து முறைப்படி நாலு பூட்டையும் பூட்டினார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.

"உள்ள எரியுதே அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாதே?" என்றான் வண்டிமலையான்.

"பின்னால தள்ளுற மருந்துல்லா அது. நாம அதுக்கு முன்னாலல்லா இருக்கோம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. நரிப்பாறையில் இருந்த காக்கையெல்லாம் முள்ளிக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலு பேரும் வைக்கோல் போரில் கிடந்தார்கள். புருவம் இல்லை, மீசை இல்லை, வேட்டியில் பாதி இல்லை.

"முன்னாலல்லா தள்ளிப்போட்டிருக்கு?" என்றான் சங்கிலிபூதத்தான்.

"நாம அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தோம்ல. கணக்கு சரிதான்" என்றான் மாசானம்.

ஜமீன்தார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருக்கும் அடி பட்டுச்சா?"

நாலு பேரும் ஒருத்தன் தோளை ஒருத்தன் தடவிப் பார்த்தார்கள். "தோளுக்கு ஒண்ணும் இல்லை மகாராசா."

புகை விலகியது. சுவர் இல்லை, கூரை இல்லை. நாலு பூட்டு போட்ட கதவு மட்டும் நிலையோடு நின்றது. மாசானம் இடுப்பைத் தடவினான். சாவி இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. நாலு பேரும் வரிசையாக நின்று அவரவர் பூட்டைத் திறந்து, நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

உள்ளே திரும்பிப் பார்த்தால் பக்கத்திலேயே ஜமீன்தார் நிற்கிறார். சுவர் இருந்த பக்கமாக நடந்து வந்துவிட்டார்.

மாசானம் பதறிப்போனான். "மகாராசா, கதவு வழியாத்தான் வரணும்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க?"

ஜமீன்தார் நன்றாக யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. சுற்றிக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தட்டினார்.

"யாரது?" என்றான் மாசானம்.