உப்பள லைனில் மின்சாரம் இல்லை

எந்த லைனில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி காட்டும் பெரிய திரை ஒன்றை அந்தக் கடலோர ஊரின் மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போராடி வாங்கி வந்தவர் பொறியாளர் செண்பகவல்லி. வந்த நாளிலிருந்து அதைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

அவரிடம் வேலை பழக வந்த கோயில்பிச்சை வயதில் அவரைவிட மூத்தவர். கம்பம் ஏறி ஏறி முழங்கால் போனதால் உள்ளே அனுப்பப்பட்டவர். ஏசி அறையும் உட்கார நாற்காலியும் அவருக்குச் சொர்க்கமாக இருந்தன. மேடத்தின் சந்தேகம்தான் தாங்க முடியவில்லை.

"எதச் சொன்னாலும் மறுபடி மறுபடி கேக்கீங்க. எம்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி."

இப்படி முகத்துக்கு நேரே சொல்வார் என்று கோயில்பிச்சை எதிர்பார்க்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

அப்போது போன் அடித்தது. உப்பளத்திலிருந்து லைன்மேன் வெயிலுமுத்து. கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும், எல்.சி. கொடுங்கள் என்றான். எல்.சி. என்பது ‘மின்சாரம் இல்லை, ஏறு’ என்று உள்ளே இருப்பவர் கொடுக்கும் வாக்கு.

போனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு கோயில்பிச்சை திரையைப் பார்த்தார். உப்பள லைனுக்கு நேரே பச்சை விளக்கு. பச்சை என்றால் லைன் அணைந்திருக்கிறது.

"ஆஃப்லதான் இருக்கு மேடம். ஏறச் சொல்லிரட்டா?"

"டவுன் லைன்ல லோடு எவ்வளவு?"

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. "நூத்தி நாப்பத்திரெண்டு ஆம்பியர்."

செண்பகவல்லி டீயை எடுத்து ஆற அமரக் குடித்தார். "இப்ப?"

"நூத்தி நாப்பத்திரெண்டு. மேடம், அவன் வெயில்ல நிக்கான்."

"நிக்கட்டும். இப்ப?"

"அதேதான்."

"மத்தியான நேரம். இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர்கூட மிக்சி போடலையா? ஒரு ஏசிகூட நிக்கலையா?"

கோயில்பிச்சை திரும்பத் திரும்பப் பார்த்தார். மற்ற எண்களையும் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. எப்போதோ தொடர்பு அறுந்துபோய், கடைசியாகத் தெரிந்ததையே திரை கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு போனில் துணை மின்நிலையத்தைப் பிடித்தார்.

"உப்பள லைனா? மரம் வெட்டக் காலையில ஆஃப் பண்ணுனோம். அப்பவே திரும்ப சார்ஜ் பண்ணி கரண்ட் விட்டாச்சே அண்ணாச்சி."

கோயில்பிச்சை வெயிலுமுத்து காத்திருந்த போனை எடுத்துக் கத்தினார். "ஏறாதல! லைன்ல கரண்ட் இருக்கு!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏல, கேக்கா? எப்படியும் தொடுறதுக்கு முன்னால எர்த் ராடு மாட்டி, கரண்ட் இல்லன்னு பாத்துட்டுத்தானே தொடுவ?"

"ராடு எடுத்துட்டு வரல அண்ணாச்சி." வெயிலுமுத்துவின் குரல் இறங்கியிருந்தது. "இன்னைக்கு உள்ள டூட்டி நீங்கன்னு சொன்னாங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

கோயில்பிச்சை போனை வைத்தார். அந்த வயதில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவன் என்னய நம்பிட்டான் மேடம்."

"அதனாலதான் அண்ணாச்சி, நான் உங்கள நம்பல."