அக்கரை மணி

“தாயே, அக்கரை மணி எங்களைத் தூங்க விடுவதில்லை” என்றார் அமைச்சர் தித்தன்.

மலை மடத்தின் தலைவி வெண்ணிக்கு அவர் மகளின் வயதுதான் இருக்கும்.

“என்ன மணி?”

தித்தன் விளக்கினார். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நாடுகள். இரண்டிலும் செல்வத்துக்குக் குறைவில்லை. மக்கள்தொகையும் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தால் பெற்றவர்கள் ஊர் நடுவே தொங்கும் மணியை அடிப்பார்கள். அக்கரையில் அது ஓய்வதே இல்லை. இக்கரையில் அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

“எங்கள் பிரசவ மாளிகைக்கு நாங்கள் கொட்டுவதில் பாதியைக்கூட அவர்கள் செலவழிப்பதில்லை. பிறந்தவுடன் இறக்கும் பிள்ளைகளை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று எங்கள் பண்டிதர்கள் சொல்கிறார்கள்.”

“இருக்கலாம். ஆனால் மணி அடிப்பது பிழைத்த பிள்ளைகளுக்குத்தானே?”

தித்தன் கேட்க வந்ததைக் கேட்டார்.

“என் மகள் பூவைக்கு மாளிகையில்தான் பிரசவம். பட்டு மெத்தை, சுற்றிலும் வைத்தியர்கள். புகுந்த வீட்டுக்குப் போன மூன்றாம் வாரம் பிள்ளை போய்விட்டது. பால் குடிக்கவில்லையாம். இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மாளிகைக்கு இன்னொரு மாடி கட்டுங்கள் என்கிறார் அரசர். கட்டினால் இந்தப் பிள்ளையாவது தங்குமா?”

“களைத்துப் போயிருக்கிறீர்கள். முதலில் சாப்பிடுங்கள்” என்றாள் வெண்ணி.

அன்று மடம் அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. வெந்நீர்க் குளியல். நெய் மிதக்கும் பொங்கல். இலவம்பஞ்சு மெத்தை. கால் பிடித்துவிட ஆள்.

மறுநாள் காலை மழை கொட்டியது. வெண்ணி அவரை வாசலுக்கு அழைத்து வந்து, வெளியே விட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

“தாயே, குடை?”

“மெத்தை நன்றாக இருந்ததா?” குரல் மட்டும் வந்தது.

“இருந்தது. பாதை வழுக்குமே.”

“பொங்கலில் நெய் போதுமா?”

“நெய் கிடக்கட்டும். கூட ஒரு ஆளையாவது அனுப்புங்கள். விழுந்தால் யாரைக் கூப்பிடுவேன்?”

“அடுத்த முறை வாருங்கள். இரண்டு மெத்தை போடச் சொல்கிறேன்.”

தித்தன் கதவை உதைக்கக் காலை ஓங்கினார்.

ஓங்கிய கால் அந்தரத்தில் நின்றது.

பூவை கைப்பிள்ளையோடு மாளிகைப் படி இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. பின்னால் கதவைச் சாத்திய சத்தமும். பிள்ளை பால் குடிக்காத அன்று அவள் யாரைக் கூப்பிட்டிருப்பாள்?

காலைக் கீழே வைத்தார். மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பினார்.

விழுந்து எழுந்து மலை இறங்கியவர், உடுப்பைக்கூட மாற்றாமல் அரசவைக்குள் நுழைந்தார்.

“என்ன அமைச்சரே, சேற்றில் புரண்டீர்களா?”

“ஆமாம் அரசே. மாடி வேண்டாம். ஆட்கள் வேண்டும்.”

“எதற்கு?”

“பிள்ளை பெற்ற வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு. வைத்தியம் தெரிந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும். வாரம் தவறாமல்.”

“கதவு தட்டவா? அதற்கு மாடிக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாதே.”

“ஆகாது” என்றார் தித்தன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கோடையில், அக்கரை அரசரின் தூதன் ஓடத்தில் வந்து இறங்கினான். தித்தனை ஊர் நடுவே கண்டுபிடித்து வணங்கினான்.

“ஐயா, எங்கள் அரசர் ஒன்று கேட்டு வரச் சொன்னார். உங்கள் மணியைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கக் கூடாதா? மதியத்தில் அவரால் கண்ணயர முடியவில்லையாம்.”

“என்ன சொல்கிறாய்?” என்றார் தித்தன், காதருகே கையைக் குவித்து.

தூதன் தொண்டை கிழியத் திரும்பச் சொன்னான். அதுவும் அவர் காதில் விழவில்லை.

பூவையின் இடுப்பில் இருந்த அவர் பேத்தி, மணிக்கயிற்றை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.