மூழ்கத் தெரியாத நீர்க்காகங்கள்

ஒரு பெரிய ஏரி. நீர்க்காகங்கள் ஆழத்தில் மூழ்கி மீன்களை விரட்டும். மிரண்ட மீன்கள் கரைக்கு ஓடிவரும். அங்கே ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள் முதுகு நனையாமல் கொத்தித் தின்னும்.

நீலி என்ற நீர்க்காகத்துக்கும் அவள் வயதொத்தவர்களுக்கும் மூழ்க வராது. அவள் குஞ்சாக இருந்தபோதுதான் கொக்குகள் கோரைப்புல் ஓரத்தை வளைத்துக்கொண்டன. குஞ்சுகளின் சின்ன வாய்க்கு ஏற்ற பொடிமீன் அங்கேதான் இருந்தது. பட்டினியில் வளர்ந்தவளுக்கு நீருக்குள் மூச்சடக்க வலு இல்லை. சொல்லிக்கொடுத்ததும் மனத்தில் தங்கவில்லை. மூழ்காதவளுக்கு மீன் ஏது? அவள் மகன் பொட்டுவுக்கும் பட்டினிதான்.

வர வர, கரைக்கு வரும் மீன் குறைந்தது. கொக்குத் தலைவர் நெட்டையார் நீர்க்காகக் குஞ்சுகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பொட்டு மூழ்கினான். போன வேகத்தில் திணறிக்கொண்டு மேலே வந்தான்.

"மண்டு! ஆத்தாளைப் போலவே பிள்ளை! இதுகள் வம்சமே இப்படித்தான்!" என்றார் நெட்டையார்.

நீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வம்சமா? என் பாட்டன் விரட்டிய மீனைத் தின்றுதானே உங்கள் பாட்டன் ஏப்பம் விட்டார்! என் பாட்டனும் இதே வம்சம்தான்! குஞ்சுகளைக் கோரையோரம் விடுங்கள். வயிறாரத் தின்னட்டும். அப்புறம் பாடம் நடத்துங்கள்!"

"முதலில் பாடம், பிறகு பொடிமீன்!"

"காய்த்துக் காட்டினால்தான் செடிக்குத் தண்ணீரா, ஐயா?"

"அடேயப்பா! மூழ்கத்தான் துப்பில்லை, வாய் மட்டும் காது வரைக்கும்!" கொக்குகள் கெக்கலித்தன.

பொட்டு வளர்ந்தான், மூழ்கவே இல்லை. அவனுக்கும் குஞ்சு பிறந்தது, அதுவும் பசியோடுதான். மூழ்கத் தெரிந்த கிழடுகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. கோரையோரத்துப் பொடிமீனைக் கொக்குகள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. ஆழத்தில் கொழுத்த மீன்கள் நீந்தின; அவற்றை விரட்டத்தான் ஆளில்லை.

எலும்பும் தோலுமாய் வந்து நின்றார் நெட்டையார். "பொட்டு, என் ராசா! ஒரே ஒரு முழுக்குப் போடப்பா!"

"மூச்சு இல்லையே, ஐயா."

"எங்கே போயிற்று?"

நீலி பேரக்குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். "அதைத்தான் பொடிமீனோடு சேர்த்து அன்றைக்கே நீங்கள் தின்றுவிட்டீர்களே!"

பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு அவர்களின் அறிவைப் பழிக்கும் ஊர், தலைமுறைக்கும் உருப்படாது.