இடம் போட்ட கர்ச்சீப்

ஒரு கர்ச்சீப் இருந்தது. பூங்கொடியின் மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில், அவள் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கிக்கொண்டே அதுவும் படித்தது. மூக்கு துடைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் படிப்புதான். தள்ளாதே. முந்தாதே. அடுத்தவருக்கு விட்டுக்கொடு. எல்லாம் மனப்பாடம்.

மகள் வளர்ந்ததும் கர்ச்சீப் பூங்கொடியின் இடுப்புக்கு வந்தது.

அன்று முகூர்த்த நாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. பூங்கொடிக்கு எட்டாம் மாதம். பழனியில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவ்வளவு தூரம் நின்றுகொண்டு போக முடியாது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை சீட்டில் போட்டாள்.

"கெட்டியா ஒக்காந்துக்க" என்றாள்.

மறுநொடி அதன் மேலேயே ஒரு சிவப்புத் துண்டு பொத்தென்று விழுந்தது.

"அண்ணே, நான் முதல்ல வந்தேங்க" என்றது கர்ச்சீப்.

"அதுக்கென்ன தம்பி, நானும்தான் வந்துட்டேன்ல? கொஞ்சம் தள்ளிக்க."

கொஞ்சம்தானே என்று தள்ளிக்கொண்டது. அடுத்து ஒரு மஞ்சப்பை வந்து விழுந்தது.

"எங்கம்மாவுக்கு முட்டிவலி சாமி. நீ நல்ல புள்ளையாட்டம் இருக்க."

நல்ல பிள்ளை என்று கேட்டதும் கர்ச்சீப்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் தள்ளியது. தள்ளித் தள்ளித் தரைக்கே வந்துவிட்டது. யாரோ மிதித்தார்கள்.

பூங்கொடி மூச்சு வாங்க ஏறி வந்தாள். துண்டுக்காரர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் மஞ்சப்பைக்கார அம்மா.

"அண்ணே, இங்க கர்ச்சீப் போட்டிருந்தேன்."

"எங்கேம்மா? காட்டு பாப்போம்."

அவள் வயிற்றைப் பிடித்தபடி குனிந்து, அதைத் தரையிலிருந்து எடுத்தாள். கம்பியைப் பிடித்து நின்றாள்.

"அக்கா, விட்டுக்கொடுத்துட்டேன்!" என்றது கர்ச்சீப். 'வெரிகுட்' வரும் என்று காத்திருந்தது.

சீட்டுதான் பதில் சொன்னது. "அடேய் வெரிகுட்டு! விட்டுக்கொடுத்தியே, உன் இடமாடா அது? நிக்கிறது நீயா, அவளா?"

கர்ச்சீப்புக்குச் சுருக்கென்றது. ஜன்னலுக்கு மேலே 'கர்ப்பிணிகளுக்கு இடம் கொடுங்கள்' என்று எழுதியிருந்தது. "நீங்களாச்சும் சொல்லுங்களேன்!" என்று அந்த எழுத்துகளைக் கெஞ்சியது.

"பெயிண்ட் அடிச்ச நாள்லருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். ஒக்காந்தவன் எவன் அண்ணாந்து பாக்குறான்? நிக்கிறவங்கதான் படிக்கிறாங்க."

ஒட்டன்சத்திரத்தில் மஞ்சப்பைக்கார அம்மா இறங்கினாள். துண்டுக்காரர் பின்னால் நின்ற மச்சானுக்காகச் சட்டென்று துண்டை வீசினார். பூங்கொடியும் கர்ச்சீப்பை வீசினாள். இரண்டும் ஒன்றாய் விழுந்தன.

"தம்பி, கொஞ்சம்..." என்று துண்டு ஆரம்பித்தது.

கர்ச்சீப் முடிக்க விடவில்லை. விட்டது ஒரு தள்ளு. துண்டு ஜன்னல் வழியே பறந்து ரோட்டில் போய் விழுந்தது. "ஏ மாப்ள, துண்டு!" என்று துண்டுக்காரர் கத்த, மச்சான் அதை எடுக்க இறங்கி ஓடினார். பூங்கொடி உள்ளே நுழைந்து "அப்பாடா" என்று உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

கர்ச்சீப் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பணிவாகச் சொன்னது: "சாரிங்கண்ணே!"

சீட்டு ஸ்பிரிங்கெல்லாம் குலுங்கச் சிரித்தது. "இப்பத்தான்டா நீ பெரிய மனுசன்!"