செண்பகத்தைக் கூப்பிட்டால் யார் வருவது?

நாகர்கோவிலில் ஒரு ரத்த வங்கி. அதன் கணினி அறையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. பழையது அரளி, புதியது செண்பகம். பெயர் வைத்தவர் கணினிப் பொறுப்பாளர் ரெக்ஸ்லின்.

ரத்தம் கொடுக்கும் பன்னிரண்டாயிரம் பேரின் விவரம் அரளியின் வயிற்றில் இருந்தது. அந்த வயிறு இரண்டு நாளாகக் கடகடவென்று சத்தம் போட்டது.

"சீக்கிரம் எல்லாத்தையும் வாங்கிக்கோ பிள்ளே. நான் எப்போ படுப்பேன்னு எனக்கே தெரியாது" என்றது அரளி.

செண்பகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் வாங்கி வைக்க முதலில் டேட்டாபேஸ் அதனுள் குடியேற வேண்டும். குடியேற்ற வந்தவர் இன்ஸ்டாலர் என்ற நிரல், மகா கண்டிப்பான ஆள்.

"உன் பேர் என்ன?"

"செண்பகம் ஐயா!"

"சொன்னாப் போதாது. நான் கூப்பிடுவேன், நீதான் பதில் சொல்லணும். இல்லைன்னா டேட்டாபேஸ் காலெடுத்து வைக்காது."

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க!"

இன்ஸ்டாலர் தொண்டையைச் செருமினார். "செண்பகம்!"

"ஓய்!" என்றது பக்கத்து அறையிலிருந்த பிரிண்டர்.

செண்பகம் ஆடிப்போனது. தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தது.

"ஓய்! இந்தா வந்துட்டேன்!" பிரிண்டருக்கு ஒரே குஷி. இத்தனை ஆசையாக யாரும் அதைக் கூப்பிட்டதே இல்லை.

லேப் டெக்னீஷியன் தாணு கை நிறையக் காகிதத்தோடு ரெக்ஸ்லினிடம் ஓடி வந்தார். "எக்கா, பிரிண்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு! பேப்பர் பூரா செண்பகம் செண்பகம்னு அடிச்சுத் தள்ளுது!"

ரெக்ஸ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் அரளி 'கர்ர்ர்' என்று இழுத்தது. சிரிப்பு நின்றது.

நெட்வொர்க்கில் எந்தப் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல, ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு சின்னக் குறிப்பேடு உண்டு. ரெக்ஸ்லின் செண்பகத்தின் குறிப்பேட்டைத் திறந்தார்.

"செண்பகம், எண் இருபத்தேழு" என்று அது கணீரென்று ஒப்பித்தது.

"அது போன வாரமே பிரிண்டருக்குப் போயிட்டே! நான் இப்போ நாப்பத்தொண்ணு!" என்று குதித்தது செண்பகம்.

"எங்கிட்ட சொன்னியா? எழுதினதைத்தானே நான் சொல்லுவேன். ஒரு தடவையாவது உன்னை நீயே கூப்பிட்டுப் பாத்திருக்கியா?" என்றது குறிப்பேடு.



ரெக்ஸ்லின் இருபத்தேழை அழித்து நாற்பத்தொன்று என்று எழுதினார். அரளியின் குறிப்பேட்டிலும் அப்படியே திருத்தினார். இன்ஸ்டாலர் மறுபடி கூப்பிட்டார்.

"நான்தான் ஐயா! நானேதான்!"

டேட்டாபேஸ் மூட்டை முடிச்சோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. உடனே அரளி மெதுவாகக் கூப்பிட்டது.

"செண்பகம்..."

"சொல்லுங்கக்கா."

ஒவ்வொரு பெயராக வந்து சேர்ந்தது. பன்னிரண்டாயிரமாவது பெயரும் வந்ததும் அரளியின் வயிறு அடங்கிப்போனது.

அழக்கூட நேரமில்லை. பிரசவ வார்டிலிருந்து நர்ஸின் அவசரக் கேள்வி வந்துவிட்டது: "ஓ நெகட்டிவ் யாரு இருக்கா?"

"நாலு பேர்! முதல் பேர் தாணு!" என்று கத்தியது செண்பகம்.

தாணு அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.