எண் மாறாத திரை

கருங்காட்டு ஏரியின் கரையடியில் நீலாயி என்றொரு நீர்நாய் வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குள் அதன் குட்டிகள், இன்னும் கண் திறக்காதவை.

ஒருநாள் காலை நீலாயி மீன் பிடிக்க வெளியே வந்தது. வாசலிலேயே தண்ணீர் நின்றது! நேற்றுவரை அங்கே காய்ந்த மணல்தான் இருந்தது. மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"அபாயச் சங்கு ஊதவே இல்லையே!" என்று நீலாயி திகைத்தது.

வெள்ளத்தைக் கவனிக்க அந்தக் காட்டில் ஒரு கணினி இருந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி. கரைமேல் நின்ற மருத மரத்தின் பொந்தில் வைத்து, மாயாண்டி என்ற குரங்கு அதைப் பார்த்துக்கொண்டது. மலை ஓடையில் ஓர் அளவுமானி நட்டிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் இறங்கி வருகிறது என்று அது சொல்லி அனுப்பும். கணினியில் இருந்த 'நீர்க்காவல்' என்ற மென்பொருள் அதைப் படித்து, ஏரி தாங்குமா தாங்காதா என்று திரையில் காட்டும். தாங்காது என்றால் சங்கு ஊதும். பேச்சி என்ற யானை வந்து மதகைத் திறந்துவிடும்.

நீலாயி மரத்தடிக்கு ஓடியது.

"மாயாண்டி! தண்ணீர் என் வாசலுக்கு வந்துவிட்டது! உன் திரை என்ன சொல்கிறது?"

"அபாயம் இல்லை என்கிறது அக்கா! நிம்மதியாகப் போ!"

"அது இன்றைய அளவுதானா? நன்றாகப் பார்!"

மாயாண்டி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனது. பிறகு தலையைச் சொறிந்தது. ஓடையில் பழைய மானியை எடுத்துவிட்டுப் புதிய மானி நட்ட நாளிலிருந்து எண் மாறவே இல்லை.

"புது மானி அனுப்புவது நீர்க்காவலுக்குப் புரியவில்லையோ? உன்னிடம் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும்" என்றது நீலாயி.

"என்னிடமா? பழையதா?" மாயாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று புதுப்பிப்புக் கட்டளையை அடித்தது. "இதோ பார், என்ன சொல்கிறது! 'உங்களிடம் இருப்பதே மிகப் புதியது!'"

நீலாயி அங்கே நிற்கவில்லை. நேராகப் பேச்சியிடம் போனது.

"பேச்சியம்மா, மதகைத் திறங்கள்! தண்ணீர் ஏறுகிறது!"

பேச்சி அசையவில்லை. "போன மழைக்கு எல்லோரும் பயமுறுத்தினீர்கள். நானும் திறந்துவிட்டேன். அப்புறம் மழையே வரவில்லை. கோடையில் சேற்றைத்தான் உறிஞ்சினோம். என் கன்று தாகத்தில் சுருண்டு விழுந்தது. மலையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று எண்ணைக் காட்டு. அடுத்த நொடி திறக்கிறேன்."

அதில் நியாயம் இருந்தது. நீலாயி வாதாடவில்லை. வளைக்கு ஓடி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேட்டுப் பாறை இடுக்கில் கொண்டுபோய் வைத்தது. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் வளைக்குள்ளேயே வந்துவிட்டது.

திரும்பி வந்தால் மரப்பொந்தில் வேறு கூத்து! மாயாண்டி நீர்க்காவலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தது. அதே பதிப்புதான் வந்தது. உடனே பொறுமை போய், எங்கோ கிடைத்த ஒரு நீர்க்காவல் தொகுப்பை இறக்கி அதன்மேல் ஏற்றியிருந்தது. அது வேறு வகை லினக்ஸுக்காகச் செய்யப்பட்டது.

"அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகள் இங்கே பொருந்தவில்லை என்கிறது அக்கா! இப்போது நீர்க்காவல் திறக்கவே மாட்டேன் என்கிறது!" மாயாண்டி அழாத குறைதான்.

அப்போது காற்றுக்கு ஒதுங்கி ஒரு நாரை வந்து கிளையில் உட்கார்ந்தது. அது மேல் ஏரிக்காரி.

"இங்கே இன்னும் சங்கு ஊதவில்லையா? எங்கள் ஏரியில் விடியும்போதே ஊதியாகிவிட்டது!"

"உங்களிடமும் நீர்க்காவல்தானே? எந்தப் பதிப்பு?" என்று கேட்டது நீலாயி.

"ஐந்தாம் பதிப்பு."

"எங்களுடையது மூன்று!" என்று கத்தியது மாயாண்டி. "அப்படியானால் என் கணினி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது!"

நீலாயி கொஞ்சம் யோசித்தது. மீன் பிடிப்பவளுக்கு வரக்கூடிய யோசனைதான் அதற்கு வந்தது.

"வற்றிய குட்டையில் நின்று, இருப்பதில் பெரிய மீன் எது என்று கேட்டால் விரலளவு அயிரைதான் கிடைக்கும். குட்டை பொய் சொன்னதாக ஆகுமா? மாயாண்டி, புதியதா புதியதா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாய். அந்த மூன்றாம் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேள்!"

மாயாண்டி கேட்டது. திரையில் பதில் வந்தது.

லினக்ஸுக்கான மென்பொருள்களைச் சேர்த்து வைத்து, கேட்கும் கணினிகளுக்கு அனுப்பும் இடத்தைக் களஞ்சியம் என்பார்கள். லினக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. மாயாண்டியின் கணினி போன கோடையிலேயே புதிய லினக்ஸுக்கு மாறிவிட்டது. ஆனால் களஞ்சியத்தின் முகவரியை மட்டும் மாயாண்டி மாற்றவில்லை. பழைய முகவரிதான் விரல்களுக்குப் பழகியிருந்தது. அந்தப் பழைய களஞ்சியத்தில் இப்போது யாரும் புதிதாக எதையும் வைப்பதில்லை. மாயாண்டி கேட்டபோதெல்லாம் அது தன்னிடம் இருந்ததைப் பார்த்து, 'இதுதான் மிகப் புதியது' என்று உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறது.

"நான் தப்பான வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தேன்!" என்றது மாயாண்டி.

"அதை அப்புறம் பேசலாம். முதலில் சரிசெய்!"

கரையோரத்து மண் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. மாயாண்டி இந்தமுறை அவசரப்படவில்லை. வேறு வகை லினக்ஸிலிருந்து வந்த தொகுப்பை முதலில் நீக்கியது. பழைய முகவரியை அழித்தது. தன் லினக்ஸ் எந்தப் பதிப்பு என்று பார்த்து, அதற்குரிய களஞ்சியத்தின் முகவரியை எழுதியது. அங்கே என்னென்ன இருக்கின்றன என்று கணினியைக் கேட்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நீர்க்காவலை நிறுவியது.

ஐந்தாம் பதிப்பு வந்தது. திறந்தது. இத்தனை நாள் அசையாமல் நின்ற எண் சரசரவென்று ஏறியது. 'ஏரி தாங்காது!' என்று திரை சிவந்தது. சங்கு காடு அதிர ஊதியது.

பேச்சி விரைந்து வந்து திரையை ஒரே ஒரு முறை பார்த்தது. போய்த் தும்பிக்கையால் மதகைத் தூக்கியது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து ஓடியது.

அன்று மாலைவரை வெள்ளம் கரையை முட்டிக்கொண்டே இருந்தது. கரை உடையவில்லை. கரைக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த முயல் வளைகளும் மான் குட்டிகளும் தப்பின. நீலாயியின் வளை மட்டும் கரைந்து போயிருந்தது.

"என்னால்தான் உன் வீடு போயிற்று அக்கா" என்று மாயாண்டி தலை குனிந்தது.

"வீட்டைத் தோண்டிக்கொள்ளலாம். குட்டிகள் இருக்கின்றன" என்றது நீலாயி. "உன் கணினியில் இன்னும் எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றனவே. அவையெல்லாம் எங்கிருந்து வந்தவை?"

மாயாண்டி மரமேறிப் பொந்துக்குள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது.

ஒன்று புதியதா என்று கேட்பவர்கள், அதைத் தப்பான இடத்தில் கேட்டால் சரியான பதில்கூட அவர்களைக் கவிழ்த்துவிடும்.